மாட்டின் காதுவில்லையில் தொடங்குங்கள்: வேலூர்ப் பக்கம் பயிருக்கும் மாட்டுக்கும் அரசு உதவி வாங்கும் வழி

அணைக்கட்டுப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் சொச்சம் நிலம். அம்மா இரண்டு கறவை மாடு வைத்திருந்தார். ஆம்பூரில் பார்த்துவந்த தோல் கம்பெனி வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது, மானியம் என்றால் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும், தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முதல் வருடம் ஒரு ரூபாய் வரவில்லை. காப்பீடு செய்த மாடு செத்தது, காசு இல்லை. தெளிப்பான் வாங்கிவிட்டு மானியம் கேட்டுப் போனேன், வெறுங்கையோடு திரும்பினேன். கடலைக்குப் பயிர்க் காப்பீடு கட்டினேன், அது எதற்குத் தரும், எதற்குத் தராது என்றே தெரியாமல். பாதி என் அறியாமை, மீதி யாரும் எடுத்துச் சொல்லாதது. உங்களுக்கு அந்த வருடம் வீணாக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

மானியத் தொகையும் கடைசித் தேதியும் வருடத்துக்கு வருடம் மாறும். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை அவ்வளவாக மாறுவதில்லை. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. எந்தக் கதவைத் தட்டுவது

முதல் அலைச்சல் இங்கேதான் தொடங்கும். நமக்கு எல்லாம் ஒரே விவசாயம். அரசுக்கு அது நான்கு துறை. நெல், கடலை, கரும்பு, பயறு என்றால் வேளாண்மைத் துறை. கத்தரி, தக்காளி, மா, வாழை, பூ என்றால் தோட்டக்கலைத் துறை. டிராக்டர், பவர் டில்லர், சோலார் பம்பு என்றால் வேளாண் பொறியியல் துறை. மாடு, ஆடு, கோழி என்றால் கால்நடை பராமரிப்புத் துறை.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையோடு நான் கத்தரி நட்டு, காய்த்துளைப்பானுக்கு இனக்கவர்ச்சிப் பொறி கேட்டு வேளாண்மை விரிவாக்க மையத்தில் அரை நாள் நின்றேன். கடைசியில், "கத்தரிக்கா இங்க இல்லப்பா, தோட்டக்கலைக்குப் போ" என்றார்கள். வட்டாரத்துக்கு ஒரு வேளாண்மை உதவி இயக்குநர், ஒரு தோட்டக்கலை உதவி இயக்குநர் இருப்பார்கள். உங்கள் ஊருக்கென்று உதவி வேளாண்மை அலுவலரும் உதவித் தோட்டக்கலை அலுவலரும் தனித்தனியாக உண்டு. இருவர் கைபேசி எண்ணையும், கால்நடை உதவி மருத்துவர் எண்ணையும் முதல் நாளே வாங்கி வையுங்கள்.

2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் பக்கம் இருப்பவர்கள் ராணிப்பேட்டைக்கும், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இருப்பவர்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். வயதானவர்கள் இன்னும் வேலூருக்கே பஸ் ஏறுகிறார்கள்.

2. காகிதம்: இங்கேதான் பாதிப்பேர் விழுகிறார்கள்

ஒரு கோப்பு வாங்குங்கள். அதில் இவை இருக்கட்டும்:

ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் பத்து, சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் தாள்), நடப்புப் பயிருக்கான அடங்கல் (எந்த நிலத்தில் எந்தப் பயிர் என்ற கிராமக் கணக்கு), புலப்பட நகல் (நிலத்தின் அளவு வரைபடம்), சிறு குறு விவசாயி சான்று, தேவைப்படுவோருக்குச் சாதிச் சான்று.

சிட்டாவை வருவாய்த் துறையின் இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அடங்கல் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்க வேண்டும். அதில் நீங்கள் இப்போது போட்டிருக்கும் பயிரின் பெயர் இருக்கிறதா பாருங்கள். போன வருடப் பயிரே எழுதியிருந்தால் அந்தக் காகிதத்தால் பயன் இல்லை.

சிறு குறு விவசாயி சான்றை விட்டுவிடாதீர்கள். இரண்டரை ஏக்கர் வரை குறு, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. பல திட்டங்களில் மானிய விகிதமே இந்த ஒரு தாளைப் பொறுத்து மாறும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியருக்குப் போகும். எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. நடுவில் யாரிடம் நிற்கிறது என்று ரசீது எண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

அடுத்து, உழவர்களுக்கான தனித்துவ அடையாள எண். பொதுச் சேவை மையத்திலோ, ஊருக்கு வரும் வேளாண்மைத் துறை முகாமிலோ பதியலாம், கட்டணம் இல்லை. ஆதார், சிட்டா, ஆதாரோடு இணைந்த கைபேசி மூன்றும் வேண்டும். கைபேசி கையில் இருக்க வேண்டும், ஓடிபி அங்கேயே வரும். மகனுடைய எண்ணை ஆதாரில் கொடுத்துவிட்டு, மகன் பெங்களூரில் இருக்க, அப்பா வரிசையில் நின்றதை நானே பார்த்தேன்.

இனி, நாம் சிக்கிக்கொள்ளும் பொறிகள்.

பெயர்: பட்டாவில் "கோவிந்தசாமி மகன்", ஆதாரில் "கோ", வங்கியில் "ஜி". நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று ஆள். ஆதாரையும் வங்கியையும் முதலில் ஒன்றாக்குங்கள், அது சுலபம். பட்டாவில் எழுத்துப் பிழை என்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஜமாபந்தி (வருடாந்திர வருவாய்க் கணக்குச் சரிபார்ப்பு) நடக்கும் மே, ஜூன் மாதங்கள் இதற்கு நல்ல சமயம்.

கூட்டுப் பட்டா: என் கதை இதுதான். நிலம் அப்பா, பெரியப்பா இருவர் பெயரிலும் இருந்தது. இருவரும் காலமாகிவிட்டார்கள். அப்படியென்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், உட்பிரிவு அளவை என்று வேலை நீளும். எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அது முடியும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பங்காளிகளிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி, உங்கள் அனுபவத்தில் எவ்வளவு நிலம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்றால் சில திட்டங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். மாட்டுத் திட்டங்களில் பலவற்றுக்கு நிலமே கேட்பதில்லை, அங்கிருந்து தொடங்கலாம்.

வங்கி: கணக்கில் ஆதாரை இணைத்தாயிற்று என்று வங்கியில் சொல்வார்கள். அது போதாது. நேரடி மானியம் வரும் கணக்கு எது என்று தனியாக ஒரு பதிவு உண்டு. கடைசியாக எந்த வங்கியில் அதற்கு ஒப்புதல் கொடுத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். அம்மாவுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் உதவித்தொகைத் தவணை இரண்டு, மகளிர் குழுவுக்காகத் திறந்து மறந்துபோன கணக்கில் கிடந்தது. அந்தப் பதிவை வைத்திருக்கும் அமைப்பின் பெயர் என்பிசிஐ. "மானியம் வரும் கணக்கு இதுதானா, என்பிசிஐ-யில் பாருங்கள்" என்று வங்கியில் நேரடியாகக் கேளுங்கள்.

3. காதுவில்லையும் தடுப்பூசியும்: செலவில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் திறவுகோல்

மாட்டின் காதில் போடும் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். அதுதான் மாட்டின் ஆதார். தடுப்பூசி, சினை ஊசி, காப்பீடு, கடன் எல்லாம் அந்த எண்ணில்தான் ஏறும். கால்நடை மருந்தகத்திலோ முகாமிலோ இலவசமாகப் போடுவார்கள். அப்போது உங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் சரியாகப் பதிய வைக்கவும்.

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் வாங்கிவரும் மாட்டுக்கு ஏற்கெனவே வில்லை இருக்கும், யார் பெயரிலோ. பலமனேர்ப் பக்கத்து மாடாக இருந்தால் ஆந்திராக்காரர் பெயர். வந்த வாரமே மருத்துவரிடம் சொல்லி உரிமையாளர் பெயரை மாற்றுங்கள். விற்றவரின் கைபேசி எண்ணைச் சந்தையிலேயே வாங்கிவிடுவது நல்லது, பிறகு அவரைத் தேட முடியாது.

கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசத் தடுப்பூசி. கன்று வீச்சு நோய்க்கு 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே தடவை. அந்த வயது தாண்டினால் போடமாட்டார்கள், எனவே கன்று பிறந்த தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் முகாம் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும். (இந்த நோய்க்கு ராணிக்கெட் என்று பெயர். தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையம் ராணிப்பேட்டையில் இருப்பதால், நோயே அங்கிருந்து வந்தது என்று எங்கள் ஊரில் ஒருவர் அடித்துப் பேசுவார். ராணிக்கெட் என்பது உத்தராகண்டில் இருக்கும் வேறு ஊர்.)

"ஊசி போட்டா பால் குறையும்" என்று அம்மாவும் முதலில் மாட்டை ஒளித்துத்தான் வைத்தார். இரண்டு மூன்று நாள் குறையத்தான் செய்யும். கோமாரி வந்தால் அந்த ஈத்தே போய்விடும். நிறைமாதச் சினை என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அவரே தள்ளிப்போடுவார்.

மாடு எழ முடியாமல் கிடந்தால் 1962-க்கு அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வீட்டுக்கே வரும்.

4. மாட்டுக் காப்பீடு: நான் ஏமாந்த இடம்

தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் 2024-இல் விதி தளர்ந்தது. பிரீமியத்தில் வளர்ப்பவர் பங்கு 15 சதவீதம்தான், மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. பிரீமியம் 1,000 ரூபாய் என்றால் உங்கள் கையிலிருந்து 150. ஒருவருக்கு 10 மாடு வரை. மாவட்டத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கை வரும், அது முடிந்தால் அடுத்த வருடம்தான். அதனால் ஏப்ரல், மே மாதமே கால்நடை மருந்தகத்தில் பெயர் கொடுங்கள்.

மருத்துவர் மாட்டைப் பார்த்து உடல்நலச் சான்றும் மதிப்பும் தருவார். காதுவில்லை எண் தெரியும்படி மாட்டோடு நீங்கள் நிற்கும் படம் எடுப்பார்கள். பாலிசி தாளில் அந்த 12 இலக்கமும் சரியாக ஏறியிருக்கிறதா என்று விரல் வைத்துப் படியுங்கள். தொடக்க நாட்களில் நோய் வந்து இறந்தால் தராத விதி இருக்கும், எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஜெர்சிக் கலப்பு சீமைக்கருவேல முள்ளில் காதை மாட்டிக்கொண்டு வில்லையை அறுத்துக்கொண்டது. புண் ஆறியது, நாங்கள் அதோடு விட்டுவிட்டோம். ஆறு வாரம் கழித்து வயிறு உப்பி ஒரே ராத்திரியில் செத்தது. அழுகையோடு மாலைக்குள் புதைத்துவிட்டோம். மறுவாரம் காப்பீட்டு அலுவலகத்தில் இரண்டே கேள்வி கேட்டார்கள்: வில்லை எங்கே, பிரேதப் பரிசோதனை எங்கே. இரண்டும் இல்லை. கோப்பை மூடிவிட்டார்கள். "கண்ணு முன்னால செத்துது சாமி, நான் இன்னா பொய்யா சொல்றேன்" என்று அம்மா கேட்டதற்கு அங்கே பதில் இல்லை. தவறு எங்களுடையது, ஆனால் வில்லை விழுந்தால் சொல்ல வேண்டும் என்று பணம் வாங்கிய அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: வில்லை விழுந்தால் அன்றே மருத்துவரிடம் போய்ப் புதிது போட்டு, புதிய எண்ணைப் பாலிசியில் எழுத்து மூலம் ஏற்றுங்கள். மாடு இறந்தால் புதைக்காதீர்கள். முதலில் மருத்துவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல், காது தெரியப் படம், பிரேதப் பரிசோதனை, காதுவில்லையைக் கழற்றிப் பத்திரப்படுத்துவது, பிறகுதான் குழி.

5. மண் பரிசோதனை

சிறிய வேலைதான். செய்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். நெல், கடலைக்கு அரை அடி ஆழத்திலும், கரும்பு, வாழைக்கு முக்கால் அடி ஆழத்திலும் ஆங்கில 'வி' எழுத்துப் போலக் குழி வெட்டி, பக்கவாட்டில் சுரண்டி எடுங்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடம். வரப்போரம், மரநிழல், எருக்குப்பை கொட்டிய இடம் கூடாது. எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்கை விலக்கி, அரைக் கிலோவாகக் குறைத்து நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கொடுங்கள். உரச் சாக்கில் கொண்டுபோனால் முடிவு கெட்டுப்போகும். நான் யூரியா சாக்கில்தான் கொண்டுபோனேன். கொடுத்த கையிலேயே திருப்பித் தந்தார்கள்.

உதவி வேளாண்மை அலுவலர் வாங்கிக்கொள்வார், அல்லது வேலூரில் உள்ள மண் பரிசோதனை நிலையத்துக்கு நேரே போகலாம். சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், பொறுமையாகச் சொல்கிறார்கள். நட்ட பிறகு மண் எடுத்துப் பயனில்லை. அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடையில் எடுங்கள்.

6. பயிர்க் காப்பீடு: எது வரும், எது வராது

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காரீப் (தென்மேற்குப் பருவமழைக் காலம்) பருவ உணவுப் பயிர், எண்ணெய் வித்துக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபி (அதற்கு அடுத்த பருவம்) பருவத்துக்கு 1.5 சதவீதம், தோட்டக்கலை, வணிகப் பயிருக்கு 5 சதவீதம். காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய் என்று வைத்தால் காரீப் கடலைக்கு 600 ரூபாய். கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி, பொதுச் சேவை மையம் மூன்றிலும் கட்டலாம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் போதும். பயிர்க்கடன் வாங்கியவர்களுக்குத் தானாகவே பிடிப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள், கேட்டு உறுதி செய்யுங்கள்.

உங்கள் பகுதிக்கு அந்தப் பயிர் காப்பீட்டில் உண்டு என்று அரசு அறிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டவே முடியாது.

பலருக்குத் தெரியாத இடம் இது: உங்கள் ஒருவர் வயலில் மட்டும் நோய் விழுந்தால் இழப்பீடு வராது. அறுவடைப் பரிசோதனை நடத்தி அந்தப் பகுதியின் சராசரி விளைச்சல் குறைந்தால்தான், பகுதி முழுக்கக் காப்பீடு செய்த எல்லோருக்கும் வரும். தனி வயலுக்குத் தருவது ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவற்றுக்கும், அறுத்துக் காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் மழையில் கெட்டதற்கும்தான். அதையும் 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். 14447 என்ற எண்ணில் சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள். ஞாயிறு, தீபாவளி என்று தள்ளிப்போட்டால் போச்சு.

சம்பா நெல்லுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். கடைசி இரண்டு நாள் சர்வர் படுத்துவிடும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

7. இடுபொருள், கருவி, சொட்டுநீர்

ஒரே விதி: மானிய உத்தரவு கைக்கு வருமுன் எதையும் வாங்காதீர்கள். என் தெளிப்பானுக்கு ஜிஎஸ்டி ரசீது, சீரியல் எண் எல்லாம் இருந்தது. ரசீதின் தேதி விண்ணப்பத் தேதிக்கு முன்னால் இருந்தது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

அரசின் உழவன் கைபேசிச் செயலியில் பதிந்துவிட்டு, அந்தத் துறை அலுவலரையும் நேரில் பாருங்கள். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதை, பயிர் நோயைத் தடுக்கும் சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, கடலைக்கு ஜிப்சம் போன்றவை விரிவாக்க மையத்தில் மானிய விலையில் வரும், இருப்பு தீர்ந்தால் இல்லை. கருவிகளுக்குச் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி உழவர்களுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. முழு விலையையும் நீங்கள் முதலில் கட்டி, பிறகு கணக்கில் மானியம் வரும்படி இருக்கலாம். கையில் பணம் இருக்கிறதா பார்த்துக்கொண்டு இறங்குங்கள். சொட்டுநீருக்குச் சிறு குறு உழவர்களுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. அதே நிலத்துக்கு மறுபடி வாங்க ஏழு வருடம் ஆக வேண்டும், எனவே கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் முன் பக்கத்து வயலில் யாருடைய குழாய் தாக்குப்பிடிக்கிறது என்று விசாரியுங்கள்.

8. கால்நடைக்கான கிசான் கடன் அட்டை

இது மாடு வாங்கத் தரும் கடன் அல்ல. தீவனம், மருந்து, பராமரிப்புச் செலவுக்குத்தான். மாடு வாங்க வேறு கடன். இதைக் கலந்து பேசித்தான் வங்கியில் பலர் திரும்பி வருகிறார்கள். 7 சதவீத வட்டி. கெடுவுக்குள் திருப்பினால் 3 சதவீதம் கழிவு போக 4 சதவீதம். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. காதுவில்லை எண்களோடு கால்நடை மருத்துவர் சான்று, ஆதார், புகைப்படம், வங்கிப் புத்தகம் கொண்டுபோங்கள். "ஒரு டெபாசிட் போட்டாத்தான்" என்றோ, "இந்த ஆயுள் காப்பீட்டையும் எடுங்க" என்றோ சொன்னால், அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அநேகமாகப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

9. ஆட்டுப் பண்ணைக் கனவு உள்ளவர்களுக்கு

தேசிய கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மூலதன மானியம் உண்டு. 100 பெட்டையும் 5 கிடாவும் கொண்ட அலகுக்கு 10 லட்சம் வரை, 500 பெட்டை, 25 கிடாவுக்கு 50 லட்சம் வரை. கறவை மாட்டுப் பண்ணை இதில் வராது.

மானியம் முதலிலேயே கைக்கு வராது. வங்கிக் கடன் ஒப்புதல் வாங்கி, வங்கி பணம் விடுவித்த பிறகு முதல் பாதி, வேலை முடிந்து பார்வையிட்ட பிறகு மறுபாதி. கொட்டகை, தீவனப்புல்லுக்கு நிலம் காட்ட வேண்டும், குத்தகை நிலமும் ஆகும். பயிற்சிச் சான்று கேட்பார்கள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் வேலூரிலேயே இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். திட்ட அறிக்கை எழுதித் தருகிறேன், பத்து சதவீதம் கொடு என்று தரகர்கள் வருவார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. என் கருத்தைக் கேட்டால், இருபது ஆட்டை ஒரு மழைக்காலம் சாகாமல் காப்பாற்றிய பிறகு நூறு ஆட்டைப் பற்றி யோசியுங்கள்.

10. இழுத்தடித்தால்

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு மாதம் அசையவில்லை என்றால், மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் மனு கொடுங்கள். எல்லாத் துறை அலுவலர்களும் ஒரே அறையில் இருப்பார்கள், அந்தத் துறை இந்தத் துறை என்று கைகாட்ட முடியாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்திலும் மனு வாங்குகிறார்கள். அந்த அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும் என்றால் முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள்.

மனுவில் கோபத்தை எழுதாதீர்கள். விண்ணப்ப எண், தேதி, எத்தனை நாள் ஆயிற்று என்ற மூன்றையும் எழுதினால் போதும். என் சொட்டுநீர் விண்ணப்பம் நான்கு மாதம் கிடந்தது. அப்படி ஒரு அரைப்பக்க மனு கொடுத்த ஒன்பதாம் நாள் அளக்க ஆள் வந்தார், அன்றைக்குப் பார்த்து நான் சந்தையில் இருந்தேன். அம்மாதான் கோப்பை எடுத்துக் காட்டியிருக்கிறார்.